லினக்ஸ் போட்டாயிற்று, வைஃபை வரவில்லையா? ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் நிறுவி முடித்து, முதல் முறையாக டெஸ்க்டாப் திறக்கிறது. மூலையில் இருக்கும் நெட்வொர்க் சின்னத்தைச் சொடுக்கினால் வைஃபை என்ற வரியே இல்லை. இந்த இடத்தில்தான் பலர் மனம் விட்டுப்போய் விண்டோஸுக்குத் திரும்புகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடக்கூடிய சிக்கல் இது. தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் என்று பலருக்கும் தொலைபேசியிலேயே வழிசொல்லிச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். இங்கேயும் அதே முறையில்தான் எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் தருகிறேன். நீங்கள் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. வேறு யாரோ தன் லேப்டாப்புக்காக எழுதிவைத்த கட்டளைகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அவருடைய கார்டு வேறு, உங்களுடையது வேறு. நான்கு தவறான டிரைவர்களை ஏற்றிய பிறகு ஐந்தாவதாகச் சரியானதை ஏற்றினாலும், முதல் நான்கும் அதை வேலை செய்ய விடாமல் போகலாம். உங்கள் கணினியையே கேளுங்கள். எது குறைகிறது என்று அதுவே சொல்லும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

வைஃபை வேலை செய்ய மூன்று விஷயங்கள் சேர வேண்டும். முதலாவது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். விண்டோஸில் டிரைவரைத் தனியாக இறக்கிப் பழகியிருப்போம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வரும். அதனால் புதிய கார்டுக்குப் புதிய கர்னல் வேண்டும் என்பதே இங்கு அடிப்படை விதி.

இரண்டாவது ஃபர்ம்வேர். இது வைஃபை சிப்புக்குள் ஓடும் நிரல். இன்றைய சிப்புகள் பலவற்றில் இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் டிரைவர்தான் வட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துச் சிப்புக்குள் ஏற்றுகிறது. டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் வைஃபை வராது. மூன்றாவது, ரேடியோவை யாரும் அணைத்து வைத்திருக்கக் கூடாது.

இந்த மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கடன் இணையம்

இணையம் இல்லாமல் இணையத்தைச் சரிசெய்ய முடியாதே என்று தவிக்க வேண்டாம். கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். சார்ஜ் போடும் யுஎஸ்பி கேபிளால் போனை லேப்டாப்பில் இணைத்து, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். சில நொடிகளில் லேப்டாப்பில் கேபிள் இணைப்பு வந்ததுபோல் சின்னம் மாறும். இதற்குத் தேவையான டிரைவர் உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பரவலாகப் புழங்கும் எல்லா லினக்ஸ் விநியோகங்களின் கர்னலிலும் இருக்கிறது.

போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால், பெரும்பாலான போன்கள் அந்த இணையத்தையே கேபிள் வழியாகக் கொடுக்கும். மொபைல் டேட்டா செலவாகாது. கர்னலும் ஃபர்ம்வேரும் சேர்ந்தால் சில நூறு எம்பி ஆகும் என்பதால் இது முக்கியம். டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் மட்டும் கடத்தி, டேட்டா கடத்தாத மலிவு கேபிள்கள் நிறைய உலவுகின்றன.

கார்டின் அடையாளம்

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, அதை ஒட்டியே என், என், கே என்ற மூன்று எழுத்துகளையும் தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ஈதர்நெட் கன்ட்ரோலர் என்று இருப்பது கேபிளுக்கானது, அதை விட்டுவிடலாம்.

அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு எழுத்து இருக்கும். உதாரணமாக 10இசி:சி821. இதுதான் கார்டின் உண்மையான பெயர். பெட்டியிலோ விளம்பரத்திலோ என்ன எழுதியிருந்தாலும் இதை நம்புங்கள். முதல் பகுதி தயாரிப்பாளர் யார் என்று சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி அல்லது 17சிபி குவால்காம், 14இ4 பிராட்காம். ஏஎம்டி ஆர்இசட்616 என்ற பெயரில் விற்கப்படும் கார்டில் உள்ளே இருப்பது மீடியாடெக்கின் எம்டி7922 சிப். எண்ணைப் பார்த்தால் 14சி3 என்று உண்மையைச் சொல்லிவிடும்.

அந்த வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் உள்தள்ளி இருக்கும். அவற்றில் ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது, சிக்கல் ஃபர்ம்வேரிலோ தடையிலோதான். இந்த வரி இல்லாமல் ‘கர்னல் மாட்யூல்ஸ்’ மட்டும் இருந்தால், டிரைவர் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை அல்லது ஏறித் தோற்றிருக்கிறது. இரண்டுமே இல்லையென்றால் உங்கள் கர்னலுக்கு அந்தக் கார்டைத் தெரியாது.

நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியே வரவில்லையா? யுஎஸ்பி வழி வைஃபை என்றால் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையில் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் பயாஸில் (கணினி எழும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா, கார்டு தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது டிரைவர் சிக்கலே அல்ல.

தடை இருக்கிறதா?

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டினால் ஒவ்வொரு ரேடியோவுக்கும் இரண்டு பதில்கள் வரும்: சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு. சாஃப்ட் என்பதற்கு எதிரே யெஸ் என்றிருந்தால், சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்று தட்டினால் தீர்ந்தது (சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு இயக்கு என்று பொருள்). ஹார்டு என்பதற்கு யெஸ் வந்தால் மென்பொருளால் எடுக்க முடியாது. பக்கவாட்டில் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் பயாஸ்.

விண்டோஸையும் அதே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாது, அரைத் தூக்கத்துக்குப் போகும். வைஃபை கார்டும் அந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு லினக்ஸ் எழுந்து ஃபர்ம்வேரை ஏற்ற முயன்றால் கார்டு பதில் சொல்லாது. நேற்று வந்த வைஃபை இன்று வரவில்லை, நடுவில் விண்டோஸ் போய்வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டு, ஒரு முறை முழுதாக ஷட்டவுன் செய்து பாருங்கள்.

கர்னலின் நாட்குறிப்பைப் படியுங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். சுடோ டிஎம்இஎஸ்ஜி என்று தட்டினால், கணினி எழுந்ததிலிருந்து கர்னல் சொன்ன எல்லாம் வரும். ஆயிரக்கணக்கான வரிகள். செங்குத்துக் கோடு போட்டு, கிரெப், கோடு ஐ, ஃபர்ம்வேர் என்று பின்னால் சேர்த்தால் நமக்கு வேண்டியது மட்டும் வடிகட்டி வரும்.

அதில் ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார்’ என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, ‘ஃபெயில்டு வித் எரர் -2’ என்று முடியும் வரி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. -2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள். கோப்பின் பெயர் அந்த வரியிலேயே இருக்கிறது.

ஆனால் இன்டெல் கார்டு வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் பார்த்தவுடன் பதற வேண்டாம். இன்டெல்லின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர், தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். அதனால் நன்றாக வேலை செய்யும் கணினியிலும் இரண்டு மூன்று -2 வரிகள் வரலாம். அவற்றுக்குக் கீழே ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று ஒரு வரி இருந்தால் ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. மேலே உள்ள சிவப்பு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு ஃபர்ம்வேர் கோப்புகளைத் தேடித்தேடி இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரி வரை படித்திருந்தால் அவர்களுடைய இரவு வீணாகியிருக்காது.

ஃபர்ம்வேர் உண்மையிலேயே இல்லையென்றால் எங்கே கிடைக்கும்? உபுண்டுவிலும் மின்ட்டிலும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே தொகுப்பில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது, அதைப் புதுப்பித்தாலே போதும். ஆர்ச்சில் கர்னலோடு அதே பெயருள்ள தொகுப்பையும் நாமாகச் சேர்க்க வேண்டும். அதையும், இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரையும் மறந்துவிட்டு மறுதொடக்கம் செய்துவிடுவது அங்கே அடிக்கடி நடப்பது.

டெபியனில் கதை கொஞ்சம் நீளம். மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேரைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவியில் வைக்க மாட்டோம் என்று நெடுங்காலம் கொள்கையாக இருந்தார்கள். 2022 அக்டோபரில் முடிந்த வாக்கெடுப்பில் அதை மாற்றி, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே புதிதாக நிறுவுபவர்கள் 12க்கு முந்தைய பழைய ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவும் கோப்பை எடுக்காதீர்கள். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள், மென்பொருள் மூலங்களின் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். பிறகு கார்டுக்கு ஏற்றபடி ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ரியல்டெக், ஃபர்ம்வேர்-ஆதெரோஸ் ஆகியவற்றில் ஒன்றை ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவிவிட்டு மறுதொடக்கம்.

கர்னலுக்கு வயதாகிவிட்டதா?

யுநேம், இடைவெளி, கோடு ஆர் என்று தட்டினால் உங்கள் கர்னலின் எண் வரும். லேப்டாப் புதிது, லினக்ஸ் பதிப்பு பழையது என்றால் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டுக்குக் கர்னல் 5.10 வேண்டும். மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, எம்டி7925க்கு 6.7. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சிஇக்கு 5.9. விலை குறைந்த லேப்டாப்புகளில் நிறையப் பார்க்கும் ஆர்டிஎல்8852பிஇக்கு 6.2.

இதை டெபியன் 12இன் கர்னலான 6.1உடன் வைத்துப் பாருங்கள். 8852பிஇ கார்டு ஏன் அதில் தெரியவில்லை என்பது உடனே விளங்கும். ஒரே ஓர் எண் வித்தியாசம்தான். பழைய பதிப்புக்கும் புதிய மென்பொருளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கர்னலையும் ஃபர்ம்வேரையும் எடுக்கலாம், அல்லது 6.12 கர்னலோடு 2025இல் வந்த டெபியன் 13க்குப் போகலாம். உபுண்டு 22.04 தொடக்கத்தில் 5.15 கர்னலோடு வந்தது, 24.04 வந்தது 6.8உடன். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளில் ஹெச்டபிள்யூஇ என்ற கர்னல் வரிசை இருக்கிறது. அதை நிறுவினால் பதிப்பை மாற்றாமலே புதிய கர்னல் கிடைக்கும். மின்ட்டில் இன்னும் எளிது: அப்டேட் மேனேஜரில் வியூ பட்டியலில் லினக்ஸ் கர்னல்ஸ் என்று இருக்கும், அங்கேயே புதியதைத் தேர்ந்து நிறுவலாம். பழைய கர்னலை உடனே நீக்க வேண்டாம். புதியது தகராறு செய்தால், கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து உள்ளே வரலாம்.

வெளியிலிருந்து டிரைவர் தேடும் முன் கர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் இது ஒன்றே பெரும்பாலான புதிய லேப்டாப்புகளைச் சரிசெய்துவிடுகிறது.

பிராட்காம் என்றால்

பழைய மேக்புக்குகளிலும் சில பழைய லேப்டாப்புகளிலும் 14இ4 என்று எண் வரும். இதற்குத் தனி வழி. சில சிப்புகளுக்கு, ஆர்வலர்கள் தலைகீழ்ப் பொறியியல் செய்து எழுதிய பி43 என்ற டிரைவர் கர்னலில் இருக்கிறது. அதற்கு ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். பிசிஎம்4360 போன்றவற்றுக்கு பிராட்காம் தந்த மூடிய டிரைவரான டபிள்யூஎல் வேண்டும். உபுண்டுவிலும் மின்ட்டிலும் போன் இணையத்தை இணைத்துவிட்டு அடிஷனல் டிரைவர்ஸ் (மின்ட்டில் டிரைவர் மேனேஜர்) செயலியைத் திறந்தால் அதுவே எடுத்துக் காட்டும். டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகு ஏக்மாட்-டபிள்யூஎல். இரண்டு வகை டிரைவரையும் ஒன்றாக வைத்திருக்காதீர்கள், ஒன்று மற்றதை மறிக்கும்.

வெளி டிரைவரும் அந்த நீலத் திரையும்

கர்னலில் இல்லாத டிரைவரை மூலநிரலிலிருந்து கட்டும்போது டிகேஎம்எஸ் வழியாகவே நிறுவுங்கள். கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அது டிரைவரைத் தானாக மறுபடி கட்டிக்கொள்ளும். சும்மா மேக் இன்ஸ்டால் என்று போட்டால், அடுத்த கர்னல் புதுப்பிப்பில் வைஃபை மறுபடி காணாமல் போகும். கட்டுவதற்கு முன் உங்கள் கர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு கட்டாயம் வேண்டும்.

இங்கே லாரி ஃபிங்கரை நினைக்காமல் போக முடியவில்லை. பி43 டிரைவரிலும் ரியல்டெக் டிரைவர்களிலும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்தவர். கர்னலில் சேராத ரியல்டெக் டிரைவர்களைத் தன் கிட்ஹப் பக்கத்தில் வைத்துப் பராமரித்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர். 2024 ஜூனில் காலமானார். மலிவான லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வைஃபை பெற்ற எத்தனையோ பேர், அவர் பெயர் தெரியாமலே அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, டிரைவர் பிழையில்லாமல் கட்டி முடிந்தது, ஆனாலும் ஏறவில்லை. டிரைவரை ஏற்றும் மோட்புரோப் கட்டளை கொடுத்தால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வருகிறது. இது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியின் வேலை. கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் ஏற்க மறுக்கிறது. மோக்யூடில், இடைவெளி, இரட்டைக் கோடு, எஸ்பி, கோடு, ஸ்டேட் என்று தட்டினால் அது இயங்குகிறதா என்று தெரியும்.

என் அக்கா மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் இந்தக் கட்டம் வந்தது. உபுண்டு, டிரைவரை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். மறுதொடக்கம் செய்தாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “மாமா, நீலக் கலர்ல ஏதோ வந்துச்சு, படிக்கறதுக்குள்ள போயிடுச்சு. வைஃபை இன்னும் வரல.”

அந்த நீலத் திரை 10 நொடிதான் காத்திருக்கும். ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால், டிரைவரின் கையொப்பத்தை நம்பச் சொல்லும் சாவியைப் பதியாமலே கடந்துவிடும். மறுபடி செய்ய, சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி என்று தட்டி, இடைவெளி விட்டு, இரட்டைக் கோடு, என்ரோல்-கீ என்று கொடுக்கச் சொன்னேன். புதிதாகக் கடவுச்சொல் கேட்டது. எட்டு இலக்க எண்ணாகவே வைக்கச் சொன்னேன், ஏனென்றால் அந்தத் திரையில் விசைப்பலகை அமைப்பு நம்முடையதாக இல்லாமல் போகலாம், எண்கள் குழப்பாது. இந்த முறை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டாள். நீலம் வந்தவுடன் ஒரு விசை. பிறகு என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், அந்த எட்டு எண்கள், கடைசியாக ரீபூட். டெஸ்க்டாப் வந்ததும் விடுதியின் வைஃபை பெயர்களை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினாள்.

செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்துவிடுவது குறுக்கு வழி. வேலை செய்யும். ஆனால் விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அது மீட்புச் சாவி கேட்டு நிற்கலாம், அந்தச் சாவியைக் குறித்து வைக்காமல் கைவைக்காதீர்கள். சாவியைப் பதிவதே நல்லது.

யுஎஸ்பி அடாப்டர், கார்டு மாற்றம்

சில யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் சொருகியவுடன் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். எல்எஸ்யுஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று எண் தெரிந்தால் அதுதான் விஷயம். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் தொகுப்பை நிறுவினாலோ, அந்தச் சிடியை இஜெக்ட் செய்தாலோ பல அடாப்டர்கள் வைஃபையாக மாறிவிடும்.

எதுவும் நடக்காவிட்டால் கார்டையே மாற்றலாம். பல லேப்டாப்புகளில் அது எம்.2 2230 அளவில், ஒரு திருகில் நிற்கும் சின்னத் தகடு. இன்டெல் ஏஎக்ஸ்210 ஏஎம்டி லேப்டாப்பிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டையும் ஏஎம்டி லேப்டாப்புக்கு வாங்கிவிடாதீர்கள். அவை இன்டெல் பிராசஸரின் உதவி இல்லாமல் இயங்காதவை. கார்டு தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது

அடிக்கடி அறுந்தால் முதலில் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்ற அடைவில் வைஃபை-பவர்சேவ் என்று பெயரில் வரும் கோப்பு ஒன்று இருக்கும். அதில் வைஃபை.பவர்சேவ் என்பதற்கு எதிரே உள்ள 3ஐ 2 ஆக மாற்றிச் சேமித்து, நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குறையும், இணைப்பு அறுபடாமல் நிலைக்கும்.

ரூட்டருக்குப் பக்கத்தில் மட்டும் சிக்னல் வந்து, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது, கார்டு ஆர்டிஎல்8723பிஇ என்றால், டிரைவர் தவறான ஆன்டெனாவைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த டிரைவருக்கு ஏஎன்டி அடிக்கோடு எஸ்இஎல் என்ற அமைப்பை 1 என்றும், பலனில்லையென்றால் 2 என்றும் கொடுத்துப் பாருங்கள். மோட்புரோப்.டி அடைவில் கான்ஃப் என்று முடியும் ஒரு சிறு கோப்பில், ஆப்ஷன்ஸ், டிரைவர் பெயர், இந்த அமைப்பு என மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் நிலைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால், தெரிந்த ஒருவரிடம் கேட்கும்போது லேப்டாப் மாடலை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு கார்டு வரும். எல்எஸ்பிசிஐ காட்டிய அந்தச் சில வரிகள், யுநேம் சொன்ன கர்னல் எண், ஆர்எஃப்கில் பதில், டிஎம்இஎஸ்ஜியில் கார்டு பற்றிய வரிகள் ஆகிய நான்கையும் படமாக எடுக்காமல் எழுத்தாகவே ஒரு கோப்பில் சேமித்து அனுப்புங்கள்.